சமாதானத்திலும் வருணாசிரமம்

யுத்தம் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். குண்டு விழுவதும், ஆள் சாவதும், அரிசி விலை ஏறுவதும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டிய காரியமல்ல. ஆனால் சமாதானம் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டவர்கள் வெகு சிலரேயாவார்கள். யுத்தம் நின்றவுடன் ஜெயித்தவனும் தோற்றவனும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், அதோடு சங்கதி தீர்ந்தது என்றுதான் பெரும்பாலோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். (1919-ல் தோற்றவனை மேஜைக்கே கூப்பிடவில்லை என்பது வேறு சங்கதி.) யுத்தம் நாலு வருஷத்தில் முடிந்துபோயிற்று. அதன் பேரால் செய்த சமாதானமோ நூறு வருஷம் கழித்தும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. எப்படி என்று சொல்லுகிறோம்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நாலு எழுத்துப் படித்த தோழரிடம், "1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்துக்குப் பிறகு செய்துகொண்ட சமாதானம் எப்படிப்பட்டது?" என்று கேட்டால் அவர் உடனே பதில் சொல்லிவிடுவார். வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் ஜெர்மனியின் தலையில் எல்லாக் குற்றத்தையும் சுமத்தினார்கள். 1921-ல் 13,200 கோடி தங்க மார்க் என்று அபராதத்துக்குத் தொகை போட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலில் ஹிட்லர் கிளம்பினான். 1939-ல் மறுபடியும் யுத்தம் வந்தது என்பார். இது பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளதுதான். அபராதத்தைக் கட்டுவதற்காக வாங்கிய கடன் பத்திரங்களின் கடைசித் தவணையை ஜெர்மனி 2010-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதிதான் கட்டித் தீர்த்தது என்பதையும் அவர் சொல்லக்கூடும். ஆனால் இதெல்லாம் ஜெர்மனிக்காரன் வீட்டுக் கணக்கு. அந்தச் சமாதானத்தில் நமக்கு விழுந்த பங்கு என்ன என்று கேட்டால் அவர் விழிப்பார். அவர் பேரில் குற்றமில்லை. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதையும், பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுடன் ஓடியதையும் கதை கதையாய்ச் சொல்லுகிறார்கள். அந்த யுத்தத்துக்கு இந்தத் தேசத்திலிருந்து கடல் கடந்து போன ஆட்கள் 10 லட்சத்துக்கு மேல். திரும்பி வராதவர்கள் 60 ஆயிரத்துக்கு மேல். 1917-ல் இந்தியாவின் பேரால் பிரிட்டனுக்கு இனாமாகக் கொடுத்தது 10 கோடி பவுன். இந்த இனாம் நம் ஜனங்கள் மனமுவந்து எடுத்துக் கொடுத்ததல்ல. ஆண்ட சர்க்கார் தன் இனத்தாருக்குக் கொடுத்துவிட்டு நம்மிடம் வரியாய் வசூலித்துக்கொண்டது.

இவ்வளவும் கொடுத்த தேசத்துக்காக 1919 ஜூன் 28-ந் தேதி வெர்சேல்ஸ் அரண்மனையில் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் லண்டனிலிருந்த இந்தியா மந்திரி மாண்டேகு துரை. மற்றொருவர் பிகானீர் மகாராஜா. ஒருவர் நம்மை ஆண்டவர். மற்றவர் ஆளவே பிறந்ததாக நினைத்துக்கொண்டவர். கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவளுக்கும், ஆலையில் நூல் நூற்றவனுக்கும் அங்கே ஆள் கிடையாது.

அதே நாட்களில் லண்டனில் நமது டாக்டர் டி. எம். நாயர் நோயாய்ப் படுத்திருந்தார். பார்ப்பனரல்லாதாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று பார்லிமெண்டுக் கமிட்டி முன் சாட்சி சொல்லப் போனவர், சொல்லாமலே ஜூலை 17-ந் தேதி காலமானார். அவரைப் பற்றிய வேறொரு சங்கதி பின்னால் வருகிறது.

நிற்க, கையெழுத்துக்கு முன்னால் பாரிசில் நடந்த ஒரு கூத்தைத் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இனி உலகத்தில் யுத்தமே வராமல் தடுக்க ஒரு சர்வதேச சங்கம் வைப்பது என்று தீர்மானித்து, அதற்கு விதிகள் எழுத ஒரு கமிட்டி போட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி வில்சன்தான் அக்கிராசனர். 1919 ஏப்ரல் 11-ந் தேதி ஜப்பான் பிரதிநிதி மாகினோ பிரபு எழுந்து, சங்கத்தின் முகவுரையில் எல்லா தேசத்தாரும் சமம், அவர்களுடைய பிரஜைகளை நியாயமாக நடத்த வேண்டும் என்ற கருத்தில் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும் என்றார். ராஜ்யம் வேண்டுமென்று கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை, ஒரு வாக்கியம் கேட்டார். ஓட்டு எடுத்தார்கள். 17 பேரில் 11 பேர் வேண்டும் என்றார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பிரதிநிதி கூடாது என்றார். அவருக்குப் பின்னால் நின்று பிடிவாதம் பிடித்தவர் ஆஸ்திரேலியாவின் ஹியூஸ். ஆஸ்திரேலியாவில் 1901 முதலே வெள்ளையரல்லாதார் குடியேறாமல் தடுக்கச் சட்டம் இருந்தது. கப்பலில் வந்து இறங்குகிறவனுக்கு ஏதாவதொரு ஐரோப்பிய பாஷையில் பரீட்சை வைப்பார்கள். எந்தப் பாஷை என்பது அதிகாரியின் இஷ்டம். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு வேறொரு பாஷையில் வைத்தால் முடிந்தது. சூத்திரன் படித்துவிட்டால் வேதத்தின் கதவை வேறு பூட்டுப் போட்டு மூடுகிற வித்தை நம் ஊர் வைதீகருக்கு மாத்திரம் சொந்தமல்ல என்று இதனால் தெரிந்துகொள்ளலாம்.

பெரும்பான்மை கிடைத்தும் தீர்மானம் நிறைவேறவில்லை. இப்படிப்பட்ட விஷயத்தில் ஒருவர் ஆட்சேபித்தாலும் செல்லாது என்று வில்சன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தமது சொந்தத் தலைநகரத்தில் சர்க்கார் ஆபீசுகளில் கறுப்பு நிறத்தாரைத் தனியாய்ப் பிரித்து வைக்க இடங்கொடுத்தவர் வேறு எப்படிச் சொல்லுவார்? இது நடந்த இரண்டாம் நாள், ஏப்ரல் 13-ந் தேதி, அமிருதசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் டயர் துரை சுட்டான். செத்தவர்கள் சர்க்கார் கணக்குப்படியே 379 பேர். பாரிசில் வாக்கியத்தை அடித்ததற்கும் இங்கே சுட்டதற்கும் தந்திப் போக்குவரத்து ஒன்றும் நடக்கவில்லை. மனம் ஒன்றாயிருந்தால் தந்தி எதற்கு?

இதைப் படிக்கிற தோழர்களுக்கு வெள்ளைக்காரன் பேரில் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள். சமத்துவம் கேட்ட ஜப்பானின் யோக்கியதை என்ன? 1910-ல் கொரியாவை விழுங்கியிருந்தது. 1919 மார்ச் 1-ந் தேதி முதல் சுதந்திரம் கேட்டுத் தெருவுக்கு வந்த கொரியர்களை அடித்துச் சுட்டுக்கொண்டிருந்த அதே சமயத்தில்தான் பாரிசில் சமத்துவ வாக்கியம் கேட்டது. அது மாத்திரமல்ல. ஜப்பானியரிலேயே தோல் வேலை செய்கிறவர்கள், மாடு அறுக்கிறவர்கள், பிணம் புதைக்கிறவர்கள் என்று ஒரு வகுப்பார் ஊருக்கு வெளியே குடியிருந்தார்கள். 1871-ல் சட்டத்தால் அந்த இழிவு நீங்கியதாக எழுதினார்கள், ஊரில் நீங்கவில்லை. 1922-ல் அவர்களே கியோத்தோவில் கூடி, சுயிஹேய்ஷா என்ற சமத்துவ சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டு மானத்துக்குப் போராட ஆரம்பித்தார்கள். நம்முடைய சுயமரியாதை இயக்கம் பிறப்பதற்கு மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது இது. அவன் பாஷை வேறு, கடவுள் வேறு, சாப்பாடு வேறு. கொடுமை மாத்திரம் நம் சேரியில் உள்ளதுதான்.

ஆகவே ஜப்பான் கேட்டது மனித சமத்துவமல்ல. "மேல் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி போடு" என்று கேட்டது, அவ்வளவுதான். இதைப் பார்த்து நாம் சிரிக்கலாமா? தென்னாப்பிரிக்காவில் இந்தியனை ரயிலிலிருந்து இறக்கிவிட்டான் என்று பத்தி பத்தியாய் அழுத தேசபக்தர்கள், அதே காலத்தில் சொந்த ஊரில் செருப்புப் போட்டுத் தெருவில் நடந்தவனை இறக்கிவிட்டதைப் பற்றி ஒரு வரி எழுதினார்களா? பார்ப்பனரை மாத்திரம் சொல்லவில்லை. நம் பக்கத்து மேல்ஜாதிப் பார்ப்பனரல்லாதார் டீக்கடையில் தனி டம்ளர் வைத்ததும், தங்களைப் பார்ப்பான் சூத்திரன் என்றால் மீசையை முறுக்கியதும் ஒரே வாயால்தானே? அவர்களுக்கும் வேண்டியிருந்தது சமத்துவமல்ல, நாற்காலிதான்.

வாக்கியத்தை அடித்துவிட்ட பிறகு சர்வதேச சங்கத்தார் என்ன செய்தார்கள் என்றால், தோற்றவர்களிடமிருந்து பிடுங்கிய நாட்டு ஜனங்களைத் தரம் பிரித்தார்கள். தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளத் தகுதியில்லாதவர்கள் என்று சொல்லி, அவர்களை வளர்ந்த தேசத்தாரின் கார்டியன் பொறுப்பில் விட்டார்கள். அதிலும் மூன்று படி: ஏ, பி, சி. மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம் முதற்படி. டாங்கனிகா, கேமரூன் முதலியவை இரண்டாம் படி. தென்மேற்கு ஆப்பிரிக்காவும் பசிபிக் தீவுகளும் கடைசிப் படி. இந்த ஏற்பாட்டை நாகரிகத்தின் புனிதக் கடமை என்று எழுதினார்கள். புனிதம் என்ற சொல் எங்கே வந்தாலும் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் வாசகர்கள் அறிந்ததே. நம் சென்னைச் சாப்பர் பட்டாளத்தாரும் வேர்வை சிந்திப் பிடித்துக்கொடுத்த மெசபடோமியா 1932 வரை பிரிட்டனின் கார்டியன் பொறுப்பில் இருந்தது. கடைசிப் படியிலிருந்த தென்மேற்கு ஆப்பிரிக்கா நமீபியா என்ற பெயரில் விடுதலையடைந்தது 1990-ல். பாலஸ்தீனத்தின் கதையைத் தினசரிப் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளுங்கள். மனுதர்மத்தைப் படிக்காமலே மனுவின் வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் ஐரோப்பாவிலும் இருந்தார்கள்.

இனி நம் திண்ணைக்கு வருவோம். வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 13-வது பாகம் முழுவதும் தொழிலாளர் சங்கதி. உழைப்பைக் கடைச்சரக்காக எண்ணக்கூடாது. நாளுக்கு 8 மணி அல்லது வாரத்துக்கு 48 மணிதான் வேலை. ஒரே மதிப்புள்ள வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றெல்லாம் எழுதினார்கள். எழுதியவரையில் நல்ல எழுத்துதான். ஆனால் பக்கத்திலேயே இன்னொன்றும் எழுதினார்கள். சீதோஷ்ணம், பழக்கவழக்கம், தொழில் முறை ஆகியவை தேசத்துக்குத் தேசம் வேறுபடுவதால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வைப்பது கஷ்டம் என்பதே அது. அந்தச் சந்தில் என்ன நுழைந்தது என்று பாருங்கள். 1919 அக்டோபரில் வாஷிங்டனில் முதல் சர்வதேசத் தொழில் மகாநாடு கூடிற்று. நம் தேசத்துத் தொழிலாளருக்காக என். எம். ஜோஷி போனார், 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்படுத்திய பி. பி. வாடியாவும் கூடப் போனார். அந்த மகாநாட்டில் உலகத்துக்கு 48 மணி என்று ஒப்பந்தம் செய்து, அதில் 10-வது ஷரத்தாக பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மாத்திரம் 60 மணி என்று போட்டார்கள். ஜப்பானுக்கு 57. சமத்துவ வாக்கியம் கிடைக்காதவனுக்கு இதிலே பாதிப் பங்கு கிடைத்தது போலும்!

60-க்கும் 48-க்கும் வித்தியாசம் வாரத்துக்கு 12 மணி. வருஷத்துக்கு 624 மணி. 48 மணி வாரத்தால் வகுத்தால் 13 வாரம். அதாவது வெள்ளைக்காரத் தொழிலாளி ஒரு வருஷத்தில் செய்யும் வேலைக்கு மேல் நம் தொழிலாளி இன்னொரு மூன்று மாத வேலை செய்யலாம் என்று சமாதானக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியா இதை 1921-ல் ஏற்றுக்கொண்டு, 1922-ல் 60 மணி என்று பாக்டரிச் சட்டம் செய்தது. புதிய சட்டம் அமுலுக்கு வந்தது 1935-ல். நடுவில் 12 வருஷத்துக்கு மேல். சட்டம் அனுமதித்த அளவுக்கு வேலை வாங்கப்பட்ட ஒருவன் அந்தக் காலத்தில் மூன்று வருஷத்துக்குக் குறையாத உழைப்பை மற்ற தேசத்துத் தொழிலாளியைவிட அதிகமாய்க் கொடுத்திருப்பான். ஜெர்மனி கட்டிய அபராதத்தை மார்க்கில் எண்ணிச் சரித்திரம் எழுதினார்கள். மதுரையிலும் தூத்துக்குடியிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் நூல் நூற்றவன் மணிக்கணக்கில் கட்டியதை எந்தச் சரித்திரத்தில் எழுதினார்கள்?

நியாயத்துக்காக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னிருந்த 1911-ம் வருஷத்துச் சட்டப்படி நூல் ஆலையில் நாளுக்கு 12 மணி வரை வேலை வாங்கலாம். ஆகவே 60 மணி என்பதும் ஒரு குறைப்புத்தான். மேலும், 48 மணி ஒப்பந்தத்தை எழுதுவதில் முன்னால் நின்ற பிரிட்டனே கடைசிவரை அதை ஏற்றுச் சாசனம் செய்யவில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிற சாஸ்திரியின் வீட்டு நடப்புப் போலத்தான். ஆனால் குறைத்ததற்கு நன்றி சொல்லும்போதே, ஏன் 48-ல் நிறுத்தாமல் 60-ல் நிறுத்தினாய் என்று கேட்கவும் நமக்குப் பாத்தியதை உண்டு.

அந்தக் கேள்வியை யுத்தத்துக்கு முன்னாலேயே கேட்டவர் நம்முடைய டி. எம். நாயர். 1907-ல் சர்க்கார் போட்ட தொழிற்சாலைத் தொழிலாளர் கமிஷனில் அவர் ஓர் அங்கத்தினர். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தில் சட்டம் நேராகக் கை வைக்க வேண்டியதில்லை என்று மற்றவர்கள் 1908-ல் முடிவு செய்தபோது, அவர் ஒருவர் மாத்திரம், வைத்தே தீர வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். உத்தியோகத்துக்காகவும் சட்டசபை ஸ்தானத்துக்காகவும் பிறந்த கட்சி என்று ஜஸ்டிஸ் கட்சியை ஏசினவர்களில் எத்தனை பேர் ஆலைத் தொழிலாளியின் மணிக்கணக்கைப் பார்த்தார்கள் என்று கேட்கிறோம். ஜஸ்டிஸ் கட்சியாரும் பிற்காலத்தில் நாயரின் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1936-ல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையத்தில் மில் ஏற்படுத்தியபோது தேசத்துச் சட்டம் 54 மணி. இதை அந்த மில்லைக் குறை சொல்லுவதற்காக எழுதவில்லை. தேசம் முழுவதற்கும் அதுதான் சட்டம். ஆலைச் சங்கு ஊதினால் அது யாருக்காக ஊதினாலும் அதில் வெர்சேல்ஸ் சத்தமும் சேர்ந்திருந்தது என்று காட்டவே சொல்லுகிறோம். பருத்தி அரைக்கும் பாக்டரிகளுக்கு, பருவகாலத் தொழில் என்ற பேரால், அப்போதும் 60 மணிதான். 1946-ல்தான் வருஷம் முழுவதும் ஓடும் ஆலைகளுக்கு 48 மணி வந்தது. அதாவது இன்னொரு உலக யுத்தம் நடந்து முடிந்து, ஆளுகிறவன் மூட்டை கட்டும் சமயத்தில் வந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து 48 மணி என்ற 1948-ம் வருஷத்துச் சட்டம் 1949 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. ஐந்து நாள் கழித்து ராஜபாளையத்துக்காரரான பி. எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. ஆனால் இந்த இரண்டு தேதியையும் ஒரு ஜோசியனிடம் கொடுத்தால் சனிப் பெயர்ச்சியால் வந்தது என்று பலன் சொல்லித் தட்சிணையும் வாங்கிக்கொள்ளுவான்.

60 மணிக்குச் சொன்ன காரணத்தைத்தான் நாம் நன்றாகப் பார்க்க வேண்டும். சீதோஷ்ணமாம். உஷ்ண தேசத்தில் வேலை செய்கிறவன் சீக்கிரம் களைத்துப்போவான் என்றால், அவனுக்கு நேரத்தைக் குறைக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா? சித்திரை வெயிலில் சஞ்சீவி மலைப் பாறை சுடுகிறபோது, நூல் அறுந்துபோகாமலிருக்க ஈரக் காற்று அடைத்து வைத்த ஆலைக்குள்ளே நிற்கிறவனுக்கு லண்டன்காரனைவிட 12 மணி அதிகம் என்பது எந்தச் சாஸ்திரம்? பழக்கவழக்கமாம். பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கியே பழக்கிவிட்டு, இவனுக்கு இதுதான் பழக்கம் என்பது. பிறவியிலேயே கஞ்சி குடித்தவன், அவனுக்கு நெய் செரிக்காது என்று நம் பெரிய வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறோமே, அதே பேச்சுத்தான்.

இந்தப் பழக்கவழக்கம் என்ற சொல் இங்கிலீஷில் பிறந்ததல்ல. அதற்கு நம் ஜில்லாவில் வேறொரு பெயர் மாமூல். கோவிலுக்குள் போனால் மரபு. 1897-ல் கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்று வழக்குப் போட்டு, கீழ்க் கோர்ட்டு, ஹைக்கோர்ட்டு எல்லாம் ஏறி, 1908-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் முடிவாயிற்று. வழக்கம் இல்லை, ஆகையால் நுழைய உரிமை இல்லை என்று தீர்ப்பு. நடுவிலே 1899-ல் சிவகாசியில் வீடுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி கூப்பிடு தூரம். அன்றைக்குக் கோவில் கதவை வழக்கம் என்று மூடிக்கொடுத்த அதே லண்டன், பதினோரு வருஷம் கழித்துப் பாரிசில் நம் எல்லோருக்கும் சேர்த்துக் கதவை மூடிற்று. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கிரகாரத்துக்காரரும் வெளியே நின்றவர்தான். அவருக்கு அது உறைத்ததா என்பதுதான் தெரியவில்லை.

தாழ்த்தப்பட்டவர்கள் கோவிலுக்குள் போகலாம் என்று இந்த மாகாணத்துக்குப் பொதுவான சட்டம் 1947-ல் வந்தது. கோபுரம் 192 அடி உயரம். பத்து மைல் தள்ளி நிற்கிறவனும் பார்த்துக் கும்பிடலாம். பார்ப்பதற்கு ஜாதி இல்லை. உள்ளே போகப் போகத்தான் வாசல்படி வளர்ந்துகொண்டே போகிறது. 2024 டிசம்பரில் அதே ஆண்டாள் கோவிலில் ஒரு பெயர் பெற்ற இசைமேதை அர்த்த மண்டபப் படியிலிருந்து வெளியே நிற்கச் செய்யப்பட்டார் என்று நாடு முழுவதும் பேச்சாயிற்று. அர்ச்சகர் முதலியோரைத் தவிர வேறு யாருக்கும் அங்கே இடமில்லை, அது மரபு என்று நிர்வாகத்தார் விளக்கம் கொடுத்தார்கள். தம் சுயமரியாதைக்கு ஒன்றும் குறைவு வரவில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். அவர் சொன்ன பிறகு அவருக்காக நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. நாம் கேட்பது மரபு என்ற அந்தச் சொல்லைப் பற்றித்தான். 1919-ல் அதைப் போட்டு 12 மணி நேரத்தைப் பிடுங்கினான் ஒருவன். அதைப் போட்டே ஒரு படியைப் பிடுங்குகிறான் இன்னொருவன்.

பாரிசில் அடித்துவிட்ட வாக்கியம் திரும்பி வருவதற்கு 26 வருஷமும் பல கோடி உயிர்களும் ஆயின. 1945 ஜூன் 26-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில், இனம், ஆண் பெண், பாஷை, மதம் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் உரிமை என்று எழுதினார்கள். இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஜஸ்டிஸ் கட்சியில் வளர்ந்த சர். ஏ. ராமசாமி முதலியார். 1948-ல் மனித உரிமைப் பிரகடனம் எழுதும்போது, எல்லா ஆண்களும் சமம் என்று பொருள்படும்படி இருந்ததை, எல்லா மனிதர்களும் என்று மாற்றவைத்தவர் ஹன்சா மேத்தா என்ற நம் தேசத்து அம்மையார். சந்தோஷப்பட வேண்டிய காரியங்களே. ஆனால் அந்த ஸ்தாபனத்திலும் ஐந்து தேசங்களுக்கு மாத்திரம் வீட்டோ என்ற பூணூல் போட்டுவிட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எத்தனை பேர் கை தூக்கினாலும் அவர்களில் ஒருவர் தலையசைத்தால் ஒன்றும் நடவாது. வில்சன் செத்தாலும் தீர்ப்புச் சாகவில்லை.

இப்போது எதற்காக இந்தப் பழங்கதை என்று கேட்கலாம். 2023 ஏப்ரல் 21-ந் தேதி நம் தமிழ்நாட்டுச் சட்டசபையில், பாக்டரிகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடங்கொடுக்கும் திருத்தம் நிறைவேறிற்று. வாரத்துக்கு 48 மணி மாறாது, நாலு நாளில் முடித்துக்கொண்டு மூன்று நாள் வீட்டில் இருக்கலாம் என்று மந்திரிகள் விளக்கினார்கள். முதல் வர வேண்டும், தொழில் வர வேண்டும், நம் தேசத்து நிலைமை வேறு என்றார்கள். நிலைமை வேறு என்ற அந்தச் சொல்லைத்தான் வாஷிங்டனில் கேட்டோம். பெரியார் பேரைச் சொல்லும் சர்க்காரிலேயே அது கேட்டதுதான் நமக்கு வருத்தம். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன; மே மாதம் 1-ந் தேதி திருத்தம் வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். வாபஸ் வாங்கியதைப் பாராட்டுகிறோம். ஆனால் பத்து நாளில் போனது பத்து நாளில் திரும்பி வராது என்று யாரும் சீட்டு எழுதிக்கொடுக்கவில்லை. அதே வருஷம் பக்கத்துக் கர்நாடகத்தில் 12 மணிக்குச் சட்டம் செய்துவிட்டார்கள்.

பெண்களின் சங்கதி இதைவிட மோசம். சமக் கூலி என்று 1919-ல் எழுதியதற்கு இந்தத் தேசத்தில் சட்டம் வந்தது 1976-ல். அதற்குப் பிறகும், மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாய்ப் பணம் தருகிறோம் என்று சுமங்கலி என்ற பேர் வைத்துக் கிராமத்துப் பெண்களை அழைத்துப்போகும் ஏற்பாடு தமிழ்நாட்டு நூல் ஆலைகள் பலவற்றில் நடந்தது. கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னாலேயே தாலிக்காக உழைக்க வேண்டும். வரதட்சிணை கேட்கிற மாப்பிள்ளையும், புனிதம் பேசுகிற புரோகிதனும், மலிவாய் ஆள் தேடுகிற முதலாளியும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் மூவருக்கும் ஒரே பெண்ணின் உழைப்பு.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். உலகத்தில் எங்கேயோ நடக்கும் யுத்தத்தில் காயம்பட்டவனின் ரத்தத்தின் மேல் இந்தப் பக்கத்து நூல் படுகிறது. நெய்த கை எந்த ஜாதி, தொட்டால் தீட்டா என்று அங்கே எவனும் கேட்பதில்லை. அதை நெய்கிறவன் எத்தனை மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகிறான் என்றும் யாரும் கேட்பதில்லை. சிறிய தறிக்கூடத்துக்கு 48 மணிச் சட்டம் எட்டுவதுமில்லை.

நாம் கேட்க நினைக்கிறோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சத்திரப்பட்டி, சுந்தரபாண்டியம் பக்கத்துத் தோழர்கள், ஆலையிலும் தறியிலும் கடையிலும் போன வாரம் தாங்கள் வேலை செய்த மணிக்கணக்கையும், வாங்கிய கூலியையும், அதே வேலை செய்த பெண்ணுக்கு என்ன கூலி என்பதையும் ஒரு கார்டில் எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பும்படி கோருகிறோம். பெயரும் ஜாதியும் எழுத வேண்டாம். முதலாளியின் பெயரும் வேண்டாம். நாளும் மணியும் சரியாயிருந்தால் போதும். வந்தவற்றை அப்படியே அச்சிடுவோம்.